மெழுகில் ஒரு கோலம்: வீட்டிலேயே அச்சும் பாத்தேக்கும்



போன செமஸ்டர் லீவில் பெக்கான் நானாஸ் திரும்பியிருந்தேன். ஞாயிறு வகுப்புப் பிள்ளைகளுக்கு ஏதாவது கைவேலை சொல்லிக்கொடு என்று அண்ணன்மார் கேட்டார்கள். நான் படிப்பது இரசாயனப் பொறியியல். எனக்குத் தெரிந்த ஒரே கைவேலை பம்ப்புக்கும் பைப்புக்கும் படம் போடுவதுதான். அதைச் சொல்லிக்கொடுத்தால் அடுத்த வாரம் வகுப்புக்கு ஒருத்தனும் வரமாட்டான். சரி, மெழுகு வைத்துத் துணியில் பாத்தேக் செய்யலாம் என்றேன். உடனே பதினொரு வயசுப் பையன் ஒருவன் கையைத் தூக்கினான்.

"அண்ணே, அது மலாய்க்காரங்க துணிதானே? நமக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?"

எனக்குப் பட்டென்று பதில் வரவில்லை. "வீட்டுல போய்ப் படிச்சுட்டு வந்து சொல்றேன்டா" என்று சமாளித்தேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் பாட்டி வாசலில் உட்கார்ந்திருக்கிறார். கட்டியிருப்பது பாத்தேக் கைலி. எஸ்டேட்டில் பிறந்து, பிறகு இங்கே நானாஸ் டின் ஃபேக்டரியில் பல வருஷம் பழம் சீவியவர். நான் பார்த்த நாள் முதல் வீட்டில் அவர் கட்டுவது கைலிதான். சம்பந்தம் என்னவென்று கேட்ட பையனின் பாட்டியும் அநேகமாக அதைத்தான் கட்டியிருப்பார்.

இந்தக் கட்டுரையில் இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று, அந்தப் பையனுக்கு நான் தேடிக்கொண்டுபோன பதில். இன்னொன்று, வீட்டுச் சமையலறையில் நாங்கள் செய்து பார்த்ததும் அதில் கெட்டுப்போனதும். கெட்டுப்போனதுதான் அதிகம். செய்து பார்க்க விரும்புகிறவர்கள் அந்தப் பகுதியைக் கட்டாயம் படியுங்கள்.

துணி எங்கிருந்து வந்தது?

அப்பா கட்டும் கட்டம் போட்ட கைலிக்கு மலாயில் 'காயின் பெலிக்காட்' என்று பெயர். பெலிக்காட் என்பது ஊர்ப் பெயர். சென்னைக்கு வடக்கே கடலோரம் இருக்கும் நம் பழவேற்காடுதான் ஐரோப்பியர் வாயில் புலிகாட் ஆகி, இங்கே பெலிக்காட் ஆனது. அந்தத் துறைமுகத்திலிருந்து கப்பலேறி வந்த துணி என்பதால் அந்தப் பெயர். இன்றைக்கு வெள்ளிக்கிழமை மசூதிக்குப் போகிற மலாய்க்கார மாமாவும், வீட்டில் ஹாயாக உட்கார்ந்து பேப்பர் படிக்கும் என் அப்பாவும் கட்டுவது ஒரே ஊர்ப் பெயரைத்தான்.

1512க்கும் 1515க்கும் இடையில் மலாக்காவில் இருந்த தோமே பிரேஸ் என்ற போர்த்துக்கீசியர், சோழமண்டலக் கரை வணிகர்கள் அங்கே கொண்டுவந்து விற்ற சரக்குகளைப் பற்றி எழுதியிருக்கிறார். முக்கியமான சரக்கு துணி. இந்தத் தீவுகளில் கிராம்பு, ஜாதிக்காய், மிளகு வாங்க வேண்டுமானால் கையில் துணி இருக்க வேண்டும். காசைவிடத் துணிக்கு மதிப்பு. அந்தத் துணியில் ஒரு பகுதி, நம் கரையில் கையால் எழுதியும் கட்டையால் அச்சடித்தும் செய்த பருத்தி. கலம்காரி என்று இப்போது சொல்கிறோமே, அதுதான். கலம் என்றால் பாரசீகத்தில் எழுதுகோல்.

அந்தத் துணியை எப்படிச் செய்தார்கள் என்று 1742ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கடிதமாக எழுதி அனுப்பியிருக்கிறார். பெயர் கூர்தூ. நம் கரையில் வேலை பார்த்தவர். (சமஸ்கிருதத்துக்கும் லத்தீன், கிரேக்கத்துக்கும் உறவு இருப்பதை வில்லியம் ஜோன்ஸுக்கு முன்னாலேயே எடுத்துச் சொன்னவரும் இவர்தான்.) சாயத் தொழில் தெரிந்தவர்களிடம் கேட்டுக் கேட்டு, படிப்படியாக எழுதிவிட்டார். தொழில் ரகசியம் ஐரோப்பாவுக்குப் போக வேண்டும் என்பது நோக்கம். இதில் எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல் உண்டு. ஆனால் எழுதிவைத்ததால்தான் இன்றைக்கு நாமும் படிக்க முடிகிறது, அதையும் சொல்ல வேண்டும்.

முறை இதுதான். முதலில் துணியைக் கடுக்காயிலும் எருமைப் பாலிலும் நனைத்துக் காயவைப்பார்கள். கடுக்காயின் துவர்ப்பு, உலோக உப்பைத் துணியில் பிடித்துவைக்கும். பாலின் கொழுப்பு, எழுதும் கோடு ஊறிப் பரவாமல் தடுக்கும். இரும்பைப் புளிக்கவைத்த நீரால் கறுப்புக் கோடு. படிகாரம் தடவிய இடத்தில் மட்டும் சாயவேரின் சிவப்பு ஒட்டும். மீதி இடத்தில் தண்ணீரில் அலசி வெயிலில் போட்டால் போய்விடும். நீலத்துக்கு மட்டும் வேறு வழி. அவுரி நீலத்தைப் படிகாரம் வைத்து ஒட்டவைக்க முடியாது. துணியைத் தொட்டியில் முக்கித்தான் எடுக்க வேண்டும். முக்கினால் எல்லா இடமும் நீலமாகிவிடுமே? அதனால் நீலம் வேண்டாத இடம் முழுக்க மெழுகு பூசினார்கள். அவுரித் தொட்டி சூடு இல்லாதது, ஆகவே மெழுகு உருகாது.

இந்த இடத்தைப் படித்தபோது நிஜமாகவே எழுந்து உட்கார்ந்தேன். மெழுகால் சாயத்தைத் தடுப்பது நம் கரையிலும் இருந்த வித்தைதான்.

ஆனால் நண்பர்களே, இங்கே ஒரு எச்சரிக்கை. "அப்படின்னா பாத்தேக்கைக் கண்டுபிடிச்சதே நாமதான்" என்று வாட்ஸ்அப்பில் ஏற்றிவிடாதீர்கள். அது பொய். சாந்திங் என்ற சின்னச் செப்பு மூக்குப் பேனாவால், துணியின் இரண்டு பக்கமும் மயிரிழைக் கோடாக மெழுகு ஓட்டும் வேலையை உச்சத்துக்குக் கொண்டுபோனவர்கள் ஜாவாக்காரர்கள். பாத்தேக் என்ற சொல்லே ஜாவா மொழிச் சொல். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் செப்புத் தகட்டு அச்சைக் கொண்டுவந்ததும் அவர்களே. 2009ல் யுனெஸ்கோ இந்தோனேசிய பாத்தேக்கைப் பட்டியலில் சேர்த்தது நியாயம்தான். நம் நாட்டில் கிளந்தானும் திரங்கானுவும் அதைத் தங்கள் பாணியில் வளர்த்தன. 1950களில் பினாங்கில் சுவா தியான் தெங் மெழுகையும் சாயத்தையும் வைத்து ஓவியமே வரைந்தார். கடலின் இரண்டு கரையிலும் துணி போய் வந்துகொண்டிருந்தது. யார் யாரிடம் எதைக் கற்றார்கள் என்று ஒரே கோடு போட்டுக் காட்ட முடியாது.

நம் பக்கத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். கும்பகோணத்துக்குக் கிட்டே கோடாலிக் கருப்பூர் என்று ஒரு கிராமம். அங்கே தஞ்சை மராத்திய அரசக் குடும்பத்துக்காக ஒரு சேலை செய்தார்கள். ஜரிகை நெய்த பருத்தியில் மெழுகுத் தடுப்பு, அதன்மேல் சாயம். 1855ல் கடைசி ராஜா ஆண் வாரிசில்லாமல் இறந்துபோனார், கம்பெனி அரசை எடுத்துக்கொண்டது. வாங்க ஆள் இல்லை. கொஞ்ச காலத்தில் அந்தச் சேலையும் நின்றுவிட்டது. இப்போது அருங்காட்சியகங்களில்தான் பார்க்கலாம். கோயிலுக்கு எழுதும் துணிகள் மட்டும் தப்பிப் பிழைத்தன. தேரில் உருளை உருளையாகத் தொங்குமே தொம்பை, சுவாமிக்கு மேலே கட்டும் விதானத் துணி, இவற்றை எழுதும் குடும்பங்கள் அந்த வட்டாரத்தில் இன்னும் இருக்கின்றன. 2021ல் கருப்பூர் கலம்காரிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ராஜா போனதோடு ஒன்று போனது, கோயில் இருந்ததால் ஒன்று இருந்தது.

அடுத்த ஞாயிறு பையனிடம் இதையெல்லாம் சொன்னேன். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிண்ணே, எப்ப செய்யப் போறோம்?" என்றான்.

முதலில் அச்சு

மெழுகுக்கு முன்னால் வெறும் அச்சில் ஆரம்பித்தோம். சின்னப் பிள்ளைகளுக்கு நெருப்பே வேண்டாம். வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டினால் ஐந்து இதழ்ப் பூ. உருளைக்கிழங்கைப் பாதியாக வெட்டிக் கத்தி முனையால் செதுக்கலாம். பெக்கான் நானாஸில் இருந்துகொண்டு நானாஸில் அச்சு போடாமல் இருக்க முடியுமா? தடிமனாகச் சீவிய தோலைப் பலகையில் ஆணியடித்துச் சமமாக்கி, சாயம் தடவி அழுத்தினால் அறுகோணக் கண்கள் வரிசை வரிசையாக விழும். அந்தக் கண்களை எண்ணிப் பாருங்கள். ஒரு பக்கச் சுருளில் 8, மறுபக்கச் சுருளில் 13, செங்குத்துச் சுருளில் 21 என்று வரும். கணக்கு வாத்தியார்கள் சொல்லும் ஃபிபொனாச்சி எண்கள்.

அச்சு அழகாக விழுந்தது. அலசினேன். வெண்டைக்காய்ப் பூ அப்படியே இருக்கிறது, நானாஸ் மட்டும் வெளிறிப்போய்விட்டது. ஒரே சாயம், ஒரே துணி, ஒரே நாள். இரண்டு நாள் தலையைச் சொறிந்தேன்.

காரணம் இது. நாம் பருத்திக்குப் பயன்படுத்தும் 'ரியாக்டிவ்' சாயம் துணியின் மேல் சும்மா ஒட்டிக்கொள்வதில்லை. பஞ்சின் மூலக்கூறோடு நேரடியாகப் பிணைகிறது. அந்தப் பிணைப்பு நடக்கக் காரத்தன்மை வேண்டும், பிஎச் 10, 11 அளவுக்கு. அதற்காகத்தான் சலவைச் சோடா சேர்க்கிறோம். நானாஸ் சாறோ அமிலம், பிஎச் 3லிருந்து 4. பச்சைத் தோலைத் துணியில் அழுத்தும்போது சாறும் சேர்ந்து இறங்கி, சோடாவைச் செயலிழக்க வைத்துவிடுகிறது. சாயம் ஒட்டாமலேயே நின்று, அலசும்போது ஓடிவிடுகிறது. தோலை நன்றாகக் கழுவி, துடைத்து, ஒரு நாள் வெயிலில் வைத்த பிறகு அடித்துப் பார்த்தேன். நின்றது. பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் மூன்று வருஷம் பிஎச் அளந்திருக்கிறேன், அது எதற்கு என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

சோடாவைப் பற்றி இன்னொரு வார்த்தை. முதல் தடவை அம்மாவின் ஆப்பசோடாவைப் போட்டேன். அது வேறு, சலவைச் சோடா வேறு. ஆப்பசோடாவின் காரம் பத்தாது. கையில் அதுதான் இருக்கிறதென்றால் தட்டில் பரப்பி அவனில் 200 டிகிரியில் ஒரு மணி நேரம் வையுங்கள். கரியமில வாயுவும் நீராவியும் வெளியேறி, சலவைச் சோடாவாக மாறிவிடும்.

துணியும் முக்கியம். ஒரு கடையில் 'காட்டன்' என்று சொல்லிக் கொடுத்த வெள்ளை வேஷ்டியில் சாயம் ஏறவே இல்லை. ஓரத்தில் ஒரு நூலை உருவிப் பற்றவைத்துப் பார்த்தேன், உருகி மணி மாதிரி கட்டியானது. பாலியெஸ்டர் கலப்பு. பருத்தியென்றால் காகிதம் எரிகிற வாசனை வந்து சாம்பலாக உதிரும். கடைக்குப் போகும்போது ஒரு நூல் கேட்டு வாங்கிச் சோதித்துக்கொள்ளுங்கள், வெட்கப்பட வேண்டாம்.

மஞ்சளையும் பயன்படுத்திப் பார்த்தோம். மஞ்சளில் முக்கிய துணியைச் சோடாத் தண்ணீரில் விட்டதும் செக்கச் சிவப்பாக மாறியது. பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள். மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்துக் குங்குமம் செய்வது இதே வேதியியல்தான். ஆனால் வெயில் பட்டால் மஞ்சள் நிற்காது, ஒரே வாரத்தில் வெளுத்துவிட்டது. கடுக்காயும் இரும்பும் நின்றன. நாட்டு மருந்துக் கடையில் கடுக்காய் வாங்கி இடித்துக் கொதிக்கவைத்துத் துணியை நனைத்தேன். துருப்பிடித்த ஆணிகளை வெல்லத் தண்ணீரில் போட்டு இரண்டு வாரம் வைத்தேன். அந்த வாடைக்கு அம்மா என்னையும் டப்பாவையும் சேர்த்து வீட்டுக்குப் பின்னால் அனுப்பிவிட்டார். பிரஷ்ஷை அதில் தொட்டுத் துணியில் இழுத்தால் முதலில் வெறும் சாம்பல் நிறம், கண் முன்னாலேயே கறுப்பாகும். பாலில் நனைத்த துணியில் கோடு நறுக்கென்று நின்றது. பால் இல்லாததில் பூரான் மாதிரி கால் விட்டுப் பரவியது. எருமைப் பாலுக்கு நான் எங்கே போவது, பால்காரரிடம் வாங்கிய பசும்பாலே போதுமாக இருந்தது.

மெழுகும் நெருப்பும்

இந்தப் பகுதியைப் பெரியவர்கள் இல்லாமல் செய்யாதீர்கள். எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். முதல் நாள் மெழுகைச் சட்டியில் போட்டு நேரே அடுப்பில் வைத்தேன். போன் வந்தது, பேசப் போய்விட்டேன். திரும்பி வந்தால் சட்டியிலிருந்து வெள்ளைப் புகை, அடுத்த நிமிஷம் மேலே தீ. தம்பி ஒரு குவளைத் தண்ணீரோடு ஓடி வந்தான். அம்மா அவனைத் தள்ளிவிட்டு, அடுப்பை அணைத்து, பெரிய மூடியைச் சட்டிமேல் கவிழ்த்தார். தீ அடங்கியது. அந்தத் தண்ணீர் விழுந்திருந்தால், அடியில் போய் ஒரே நொடியில் ஆவியாகி, எரிகிற மெழுகை எங்கள் முகத்துக்கே வீசியிருக்கும். இரசாயனப் பொறியியல் படிக்கிறவன் நான். சரியானதைச் செய்தது எஸ்பிஎம்மோடு படிப்பை நிறுத்திய அம்மா.

பிறகு முறையை மாற்றினேன். பெரிய சட்டியில் தண்ணீர், அதற்குள் மெழுகுப் பாத்திரம். தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் போகாது, அதனால் மெழுகும் போகாது. பாரஃபின் ஆவி தீப்பிடிக்கிற சூடு சுமார் 200 டிகிரிக்குப் பக்கம். இடையில் நூறு டிகிரி பாதுகாப்பு. அடிச் சட்டியில் தண்ணீர் வற்றாமல் மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

மெழுகில் இரண்டு வகை வாங்கினேன். ஒன்று சாதாரண மெழுகுவர்த்திப் பாரஃபின். மலிவு, ஆனால் ஆறினால் நொறுங்கும். இன்னொன்று தேன்மெழுகு. விலை கூடுதல், வளைந்துகொடுக்கும். (கெலுலுட் தேனீ வளர்க்கிற ஒருவரிடம் கேட்டுப் பார்த்தேன். அந்தக் கூட்டு மெழுகில் மரப்பிசின் கலந்திருப்பதால் பசை மாதிரி இழுக்கிறது, சாந்திங்குக்குள் போகவே இல்லை.) நான்கு துண்டுத் துணியில் சோதித்தேன். முழுப் பாரஃபின், மூன்றுக்கு ஒன்று, சரிபாதி, முழுத் தேன்மெழுகு. பாத்தேக்கில் சிலந்தி வலை மாதிரி ஓடும் வெடிப்புக் கோடு பிடிக்குமென்றால் மூன்றுக்கு ஒன்று கலந்து, துணியைக் கொஞ்ச நேரம் ஐஸ்பெட்டியில் வைத்துக் கசக்குங்கள். சுத்தமான கோடு வேண்டுமென்றால் சரிபாதி. முழுத் தேன்மெழுகுக்கும் சரிபாதிக்கும் என் கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை, ஆகவே காசை மிச்சம் பிடிக்கலாம்.

மெழுகின் சூடு சரியா என்று பார்க்கத் தெர்மோமீட்டர் தேவையில்லை. கோடு போட்டதும் துணியைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கமும் எண்ணெய் பட்ட காகிதம் மாதிரி ஒளி ஊடுருவினால் சரி. மேலே வெள்ளையாகத் திட்டுத் திட்டாக உட்கார்ந்திருந்தால் மெழுகு ஆறிவிட்டது. சாயம் அடியால் நுழைந்துவிடும். கோடு தானாக அகலமாகி ஓடினால் சூடு அதிகம்.

மெழுகு அச்சுக்கு உருளைக்கிழங்கு சரிப்படாது. மெழுகு அதிலேயே உறைந்துவிடும். உலோகம் நல்லது, அதுவும் கனமான உலோகம். சூட்டைப் பிடித்துவைத்திருக்க வேண்டும் அல்லவா? நானாஸ் டின்னை வெட்டி இடுக்கியால் வளைத்துத் தாமரை செய்தேன். அழகாக இருந்தது, ஆனால் தகடு மெல்லிசு. பாத்திரத்திலிருந்து துணிக்கு வருவதற்குள் ஆறிப்போனது, விரலையும் கிழித்தது. நன்றாக வேலை செய்தது எது தெரியுமா? முறுக்குக் குழலின் பித்தளை அச்சுத் தட்டு. கம்பியில் கட்டிச் சூடான மெழுகில் கொஞ்ச நேரம் விட்டு, எடுத்து அழுத்தினால் நடுவில் நட்சத்திரம் விட்டு அழகான வட்டம் விழும். அம்மா தீபாவளிக்குப் புதுசு வாங்கித் தரச் சொல்லிவிட்டார். அச்சைச் சமையலுக்குத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பதால் அது நியாயமான தண்டனைதான்.

சாயம் போடுவது சுலபம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 20 கிராம் சலவைச் சோடா கரைத்து, துணியைக் கால் மணி நேரம் ஊறவிட்டுப் பிழியாமல் எடுத்து, சாயத்தைப் பூச வேண்டும். பிளாஸ்டிக்கால் மூடி ராத்திரி முழுக்க வைத்தால் போதும். நம் ஊர் வெப்பமே வேலையை முடித்துவிடும். கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொள்ளுங்கள், சாயத்தூள் மூக்குக்குள் போகக் கூடாது.

மெழுகை எடுக்க, கொதிக்கிற தண்ணீரில் கொஞ்சம் சோடா போட்டுத் துணியை அலசவும். தேன்மெழுகில் இருக்கும் அமிலத்தில் கொஞ்சம் சோடாவோடு சேர்ந்து சோப்பாகி விலகும். மீதி மிதக்கும். அந்தத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றினீர்களோ, பைப் அடைத்துக்கொள்ளும். ஆறவிடுங்கள், மேலே தட்டு மாதிரி உறையும், எடுத்து மறுபடி பயன்படுத்தலாம். காகிதம் வைத்து இஸ்திரி போட்டும் எடுக்கலாம். ஆனால் செய்தித்தாள் வேண்டாம். என் முதல் துணியில் ஒரு மந்திரியின் முகம் இடம் வலமாக மாறி ஒட்டிக்கொண்டு இன்னும் போகவில்லை.

பாட்டியின் கோலம்

இதெல்லாம் எதற்கு என்று இப்போது சொல்கிறேன்.

பாட்டிக்குக் கை நடுங்குகிறது. போன வருஷம் வரை தினமும் காலையில் வாசலில் கோலம் போட்டவர். புள்ளி வைத்து, அதைச் சுற்றிச் சுற்றி ஒரே கம்பியாக ஓடி, ஆரம்பித்த இடத்திலேயே வந்து சேரும் சிக்குக் கோலங்கள். எஸ்டேட்டில் அவருடைய அம்மா போட்டது. நோட்டில் எழுதி வைத்ததில்லை. எங்கள் வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது. அம்மா ஸ்டிக்கர் கோலம் ஒட்டிவிட்டார், நான் அதைக்கூட ஒட்டியதில்லை. கையோடு அவையும் போய்விடும் என்பது எனக்கு அந்த லீவில்தான் உறைத்தது.

கோலம் என்பது கருத்த தரையில் வெள்ளைக் கோடு. அச்சடித்தால் வெள்ளைத் துணியில் கருத்த கோடு வரும், அது கோலமாகத் தெரியாது. மெழுகில் போட்டு நீலத்தில் முக்கினால்தான் கோடு வெள்ளையாக நிற்கும். இந்த வேலைக்கென்றே பிறந்த முறை இது. இன்னொன்றையும் கவனித்தேன். சாந்திங்கிலிருந்து மெழுகு நிற்காமல் வடிந்துகொண்டே இருக்கும். கை நின்றால் பொட்டு விழும், வேகமாக ஓடினால் கோடு மெலியும். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் மாவு விடுவதும் அப்படித்தான். எனக்கு மூன்று வாரமாக வராத கோடு, அறுபது வருஷம் மாவு விட்ட கைக்கு முதல் நாளே வந்துவிடும் என்று நினைத்தேன்.

பாட்டி மறுத்துவிட்டார்.

"ஏன்டா தம்பி, கோலத்தப் போய் துணியில புடிச்சு வைக்கிற? மிதிபட்டுப் போகணும், எறும்பு திங்கணும், மறுநாள் புதுசா போடணும். அதுக்குத்தானே அது?"

எனக்குப் பதில் இல்லை. அவர் சொன்னதில் தப்பும் இல்லை. அரிசி மாவில் போடுவதே எறும்புக்கும் குருவிக்கும் உணவாகத்தான் என்று நாமே வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். அழிவதற்காகப் போட்டதை அழியாமல் வைப்பது அதற்குச் செய்கிற மரியாதையா, இல்லையா? இரண்டு நாள் அதைக் கேட்கவே இல்லை. மூன்றாம் நாள் நானே நினைவிலிருந்து ஒரு ஏழு புள்ளிக் கோலத்தை மெழுகில் போட்டுக்கொண்டிருந்தேன். பாட்டி பின்னால் வந்து நின்று பார்த்தார்.

"அங்க திரும்பாத. கம்பி ரெண்டாப் பிரிஞ்சிடும்."

பிரிந்துவிட்டது. அவர் சொன்ன இடத்தில் திருப்பாமல் ஓட்டியிருந்தால் ஒரே கம்பியாகச் சேர்ந்திருக்கும். கொஞ்ச நேரம் நின்றார், பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "கொண்டா அத" என்றார்.

முதல் துணி சரியாக வரவில்லை. சாந்திங் சூடாக இருந்தது, பிடி அவருக்குப் பழக்கமில்லை. பிடியில் துணி சுற்றிக் கொடுத்தேன். மணிக்கட்டுக்கு அடியில் மடித்த துண்டு ஒன்றை வைத்தேன். நீண்ட கோட்டில் கை நடுங்கியது. வளைவுகளில் அவ்வளவாக நடுங்கவில்லை. வளைவைக் கை யோசிக்காமலேயே போட்டது. ஒரு கோலத்துக்குச் சில நாள் இருபது நிமிஷம், சில நாள் ஒரு மணி நேரம். கை ஓடாத நாளில் வாயால் சொல்வார், நான் புள்ளி வைப்பேன். "இதச் சுத்து, அதத் தாண்டு, உள்ள வா." பொறியியலில் இதை அல்காரிதம் என்போம்.

லீவு முடிவதற்குள் ஏழு துணி ஆனது. நீலத்தில் முக்கி, கொதிக்கவைத்து, மெழுகு எடுத்து, கொடியில் காயப்போட்டபோது பாட்டி ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். ஏழாவதில் கோடு அலை அலையாக இருக்கிறது, நடுக்கம் அப்படியே பதிந்திருக்கிறது. அதைத் திருத்திவிடலாமா என்று கேட்டேன். "இருக்கட்டும்" என்றார். ஒரு துணியை மட்டும் தனியாக எடுத்து மடித்து, கீழே வாசற்படிக்கு உள்பக்கம் விரித்துப் போட்டார். "இது மிதிபடட்டும்" என்றார். அம்மா அதைத் தாண்டித் தாண்டிப் போகிறார், பாட்டி மட்டும் வேண்டுமென்றே மிதித்துக்கொண்டு போகிறார்.

நீலத் துணி ஆறு எங்கள் வகுப்புச் சுவரில் தொங்குகிறது. கேள்வி கேட்ட பையன் இரண்டாவது கோலத்தைப் பார்த்தே மாவில் போடக் கற்றுக்கொண்டான். கம்பி எங்கே பிரிகிறது என்று இப்போது அவனே எனக்குச் சொல்கிறான்.

உங்கள் வகுப்பில் செய்து பார்க்க விரும்பினால் ஒரு வாரத்துக்கு முன்பே துணியைக் கொதிக்கும் சோப்புத் தண்ணீரில் போட்டுக் கஞ்சியை எடுத்துவிடுங்கள், கஞ்சி இருந்தால் சாயம் திட்டுத் திட்டாக ஏறும். மெழுகுப் பாத்திரத்தின் பக்கத்தில் ஒரு பெரிய மூடி இருக்கட்டும். வீட்டில் பாட்டி இருந்தால் அவரையும் அழைத்துக்கொண்டு வாருங்கள், உட்கார நல்ல நாற்காலி ஒன்று போடுங்கள்.